ஓடுகிறவர்களுக்கு ஏன் சிரித்த முகம்?

போன ஆடியில் நாளிதழுக்குள் செருகி வந்த ஒரு நோட்டீஸை நான் தூக்கிப் போடவில்லை. பெங்களூரில் அல்சூர் பக்கம் கிளை வைத்திருக்கும் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையின் ஆடித் தள்ளுபடி நோட்டீஸ். ஒரு பக்கம் கன்னடம், மறுபக்கம் தமிழ். தமிழ்ப் பக்கத்தில் பெரிய அலை ஒன்று எழுந்து நிற்கிறது. அதன் முகட்டில் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், டிவி, மிக்ஸி எல்லாம் நுரையோடு உருண்டு வருகின்றன. கீழே கரையில் ஒரு குடும்பம் ஓடுகிறது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு தாத்தா. எல்லோருக்கும் வாயெல்லாம் பல். மேலே கொட்டை எழுத்தில், 'சுனாமி தள்ளுபடி! ஓடினாலும் விடாது!'

நான் விளம்பரத் தொழிலில் இருக்கிறவள். இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும் விளம்பரங்களைத் தமிழுக்குக் கொண்டுவருவது, தமிழுக்கென்றே வாசகங்கள் எழுதுவது, இதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. இந்த நோட்டீஸை எங்கள் ஆபீஸ் செய்யவில்லை. 'சுனாமி சேல்' என்பது புதிதும் இல்லை. 2004-க்கு அப்புறம் ஓட்டு சுனாமி, வசூல் சுனாமி, பரிசு சுனாமி என்று எதையெல்லாமோ கேட்டுவிட்டோம். அதையெல்லாம் கடலோடு சேர்த்து யாரும் படிப்பதில்லை, நானும் படிப்பதில்லை. இந்த முறை என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் படம். அலைக்கு முன்னால் ஓடும் சின்னக் குழந்தையின் ஒரு காலில் செருப்பு இல்லை. யாரோ ஒரு டிசைனர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவசரமாக ஓடினால் செருப்பு கழன்றுவிடும் என்று யோசித்து, அதைத் தனியாக வரைந்து, காலுக்குப் பின்னால் மணலில் போட்டிருக்கிறார். அந்த அளவுக்கு யோசித்தவர் அதற்கு அடுத்த அடியை ஏன் யோசிக்கவில்லை என்பது பல நாள் என்னைக் குடைந்தது.

துயரத்தை வைத்துச் சிரிக்க வைத்து வியாபாரம் செய்யலாமா என்று எங்கள் தொழிலில் அடிக்கடி பேச்சு வரும். எதையும் தொடக்கூடாது என்றால் எதைத்தான் எழுதுவது என்பார்கள் சிலர். யார் மனமும் புண்படக்கூடாது, அவ்வளவுதான் என்பார்கள் மற்றவர்கள். எனக்கு இந்த இரண்டு பேச்சும் ஒட்டவே இல்லை.

காலை லிஸ்ட்

வெளியில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி விளம்பரங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்திருக்காது, அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் பிறப்பதில்லை. 'மொமென்ட் மார்க்கெட்டிங்' என்று ஒன்று உண்டு. காலையில் வாட்ஸாப் குழுவுக்கு அன்றைக்கு ஊர் எதைப் பற்றிப் பேசுகிறது என்று ஒரு லிஸ்ட் வரும். கிரிக்கெட், மழை, ஒரு நடிகையின் கல்யாணம், ஒரு விபத்து, ஒரு பண்டிகை. எல்லாம் ஒரே எழுத்து அளவில், ஒன்றன் கீழ் ஒன்றாக. மதியத்துக்குள் ஒவ்வொரு கிளையன்டுக்கும் ஒரு வரியும் ஒரு படமும் போய்ச் சேர வேண்டும். விபத்துக்கும் கல்யாணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த லிஸ்ட் சொல்லாது. படிக்கிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கு இன்னும் ஏழு கிளையன்ட் காத்திருக்கும்.

2025 ஜூன் 4-ஆம் தேதியை பெங்களூரில் இருக்கும் யாரும் மறக்க முடியாது. முந்தின இரவு ஆர்சிபி அணி முதல் முறையாக ஐபிஎல் கோப்பையை ஜெயித்திருந்தது. எங்கள் ஆபீசில் காலையிலிருந்து சிவப்பும் தங்கமுமாக வாழ்த்துப் படங்கள்தான். ஒரு பிரியாணிக் கடைக்காக எழுதிய வரி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: 'கூட்டத்துல நசுங்கினாலும் பரவாயில்ல, பிரியாணிய விடமாட்டோம்!' எழுதியபோது அதில் ஒரு தப்பும் இல்லை. சாயங்காலம் சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். செய்தி வந்தபோது அந்தப் பதிவு இரவுக்கு டைமர் வைத்து வரிசையில் நின்றுகொண்டிருந்தது. கூட வேலை செய்யும் பையன் ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு ஓடிப்போய் அதை நிறுத்தினான். காலையில் யாரையும் உறுத்தாத அதே வரி சாயங்காலம் படிக்க முடியாததாகிவிட்டது. தெரிந்தவுடன் நிறுத்தினோம். நிறுத்தியிருக்காவிட்டால்தான் அது எங்கள் குற்றம்.

ஆடி நோட்டீஸ் அந்த வகை இல்லை. அங்கே கடல் முதலில் வந்துவிட்டது, படம் இருபது வருஷம் கழித்து வந்தது.

இரண்டு மெத்தைகள்

2014 மே மாதம் இணையத்தில் பெரிய சண்டையைக் கிளப்பிய குர்லான் விளம்பரம் சிலருக்கு நினைவிருக்கலாம். குர்லான் அப்போது நம் பெங்களூர் மெத்தைக் கம்பெனி. விளம்பரம் செய்தது ஓகில்வி இந்தியா. விழுந்தாலும் துள்ளி எழலாம் என்பது கரு. ஆப்பிள் கம்பெனியிலிருந்து வெளியே தள்ளப்பட்ட ஸ்டீவ் ஜாப்ஸ் விழுந்து, மெத்தையில் பட்டு, எழும்பி மறுபடி மேலே போகிறார். ரயிலிலிருந்து தள்ளப்பட்ட காந்தி மெத்தையில் பட்டு எழும்பி மகாத்மாவாகிறார். அடுத்த படத்தில் மலாலா. துப்பாக்கி முகத்துக்கு நேராக நீள்கிறது, ரத்தம் தெறிக்க அந்தப் பெண் சுழன்று விழுகிறாள், மெத்தையில் பட்டு எழும்பி, விருது வாங்குகிறாள். கார்ட்டூன் பாணி, நல்ல கை, நல்ல வண்ணம். மலாலா சுடப்பட்டது 2012 அக்டோபர் 9-ஆம் தேதி, 15 வயதில். இந்தப் படம் வந்தபோது அவளுக்கு 16 வயதுதான். ஓகில்வி அவளிடமும் அவள் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்டது.

காந்தி படத்துக்கும் ஜாப்ஸ் படத்துக்கும் அந்த அளவுக்கு எதிர்ப்பு இல்லை. மூன்றும் ஒரே கரு, ஒரே மெத்தை. அப்புறம் ஏன் மூன்றாவது மட்டும் சுட்டது? ரத்தம் என்று சொல்லலாம், குழந்தை என்று சொல்லலாம். எனக்குப் படுவது வேறு. 1893-இல் ரயிலிலிருந்து தள்ளப்பட்ட கதையைக் காந்தியே எழுதினார், அதை அவரே ஒரு பாடமாக ஊருக்குக் கொடுத்துவிட்டார். மலாலாவை எழுப்பியது டாக்டர்கள், பர்மிங்ஹாம் மருத்துவமனையில் நடந்த சிகிச்சை, அப்புறம் அவளுடைய மனத் திடம். மெத்தைக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அந்தப் பங்கை விளம்பரம் தானாக எடுத்துக்கொள்கிறது. 16 வயதுப் பெண் தன் தலையில் வாங்கிய குண்டை, கேட்காமலே, ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

இன்னொரு மெத்தை அமெரிக்காவில். 2016 செப்டம்பரில் டெக்சஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில் மிராக்கிள் மேட்ரஸ் என்ற கடை 'இரட்டைக் கோபுரத் தள்ளுபடி' என்று வீடியோ போட்டது. எந்த அளவு மெத்தை வாங்கினாலும் சின்ன மெத்தையின் விலை. செப்டம்பர் 11-ஐ நினைவுகூர இதைவிட நல்ல வழி உண்டா என்று ஒரு பெண் கேட்கிறார். அவருக்குப் பின்னால் இரண்டு கோபுரங்களாக மெத்தைகள் அடுக்கியிருக்கின்றன. இரண்டு ஆட்கள் போய் விழ, இரண்டும் சரிகின்றன. அவர் கத்துகிறார், உடனே திரும்பி, நாங்கள் மறக்கவே மாட்டோம் என்கிறார். அந்தக் கோபுரங்கள் விழுந்த நாளில் 2,977 பேர் கொல்லப்பட்டார்கள். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு, கடையையும் மூட வேண்டி வந்தது. இதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. இதில் புரியாத பகுதி எதுவும் கிடையாது.

புரிய வேண்டிய ஒன்று 2022-இல் நம் நாட்டில் நடந்தது. லேயர் ஷாட் என்ற வாசனைத் தெளிப்பானின் விளம்பரம். கடையில் நான்கு ஆண்கள், அலமாரியில் ஒரே பாட்டில், பக்கத்தில் ஒரு பெண். நாம் நாலு பேர், இருப்பது ஒன்று, ஷாட் யாருக்கு என்று அவர்கள் பேச, அவள் வெலவெலத்துத் திரும்புகிறாள். அப்புறம்தான் பேச்சு பாட்டிலைப் பற்றியது என்று நமக்குக் காட்டுகிறார்கள். இந்த ஜோக் வேலை செய்ய வேண்டுமென்றால் அந்தப் பெண் நிஜமாகவே பயப்பட வேண்டும். பார்க்கிற நமக்கும், 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடிய பஸ்ஸில் நடந்தது ஒரு நொடி மனதில் வந்துபோக வேண்டும். அந்த நொடியை வைத்துத்தான் சிரிப்பு கட்டப்பட்டிருக்கிறது. ஜூன் 4-ஆம் தேதி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதை ட்விட்டரிலிருந்தும் யூடியூபிலிருந்தும் எடுக்கச் சொன்னது. விளம்பரத் தொழிலே 1985-இல் தனக்கென்று அமைத்துக்கொண்ட ஆஸ்கி அமைப்பும் நிறுத்தச் சொன்னது. வேண்டிய அனுமதியெல்லாம் வாங்கித்தான் ஒளிபரப்பினோம் என்று கம்பெனி சொன்னது, மன்னிப்பும் கேட்டது. அனுமதி வாங்கினோம் என்ற அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் எழுதியவர், இயக்குநர், கேமராமேன், எடிட்டர், கிளையன்ட் என்று எத்தனை பேர் கையைத் தாண்டி அது வெளியே வந்திருக்கும். அந்தப் பெண்ணின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தவர் அதில் ஒருவர்கூட இல்லையா, அல்லது பார்த்தும் வாய் திறக்க முடியவில்லையா?

காவிப் புடவை சீசன்

என் ரவிக்கைகளைத் தைக்கும் அக்கா மர்ஃபி டவுனில் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில் கடை வைத்திருக்கிறார். ஆகஸ்ட் வந்தால் அவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. சிவாஜி நகர் மரியன்னை பேராலயத் திருவிழா செப்டம்பர் 8. வேண்டுதல் உள்ள பெண்கள் காவிப் புடவை கட்டுவார்கள். எல்லோருக்கும் அதே நிறத்தில் ரவிக்கை, எல்லோருக்கும் அதே வாரத்தில் வேண்டும். அறை முழுக்கக் காவித் துணிதான். அப்படி ஒரு நாள் நான் போனபோது, அவர் கத்தரிக்குக் கீழே அந்த ஆடி நோட்டீஸ் இருந்தது. பின் கழுத்து பேட்டர்ன் வெட்டுவதற்குத் தடித்த காகிதம் வேண்டும், வழவழப்பான நோட்டீஸ்கள் அதற்குத் தோதானவை. அலையின் நடுவில் பென்சிலால் ஒரு பானைக் கழுத்து வரைந்திருந்தார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. காரணம் இருக்கிறது. 2004 கிறிஸ்துமஸுக்கு அக்காவின் குடும்பம் சிவாஜி நகரிலிருந்து ஒரு கூட்டத்தோடு வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போனது. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா கோயிலில் இருந்தார். தம்பி கடலில் குளிக்கப் போயிருந்தான். அந்தக் காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் இறந்தவர்களில் மீனவர்களோடு, அவனைப் போல வெளியூரிலிருந்து வேண்டுதலுக்கு வந்தவர்களும் நிறைய. இருபது வருஷம் தாண்டியும் அக்கா அதைச் சொல்லும்போது தம்பிக்கு வயது ஏறவில்லை. பத்தொன்பதிலேயே நிற்கிறான்.

"இத ஏன்க்கா வச்சிருக்கீங்க?" என்றேன்.

"எத? இதுவா? பேப்பர் நல்லாத் தடியா இருக்குது பாப்பா."

நான் ஒன்றும் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவருக்கே புரிந்துவிட்டது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்க தம்பி கதை தெரியுமா உனக்கு? ஸ்கூல் நாள்லயிருந்து காலைல பத்து மணிக்கு முன்னாடி எழுந்ததே கிடையாது. அம்மா தண்ணி ஊத்துவாங்க, செருப்பால அடிப்பாங்க, எழ மாட்டான். வாழ்க்கைல ஒரே ஒரு நாள் சீக்கிரம் எழுந்தான் பாரு. அதுவும் குளிக்கிறதுக்கு. குளிக்கவே சோம்பேறி அவன்!" சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அடக்க முடியவில்லை. அவர்கள் வீட்டில் ஒவ்வொரு டிசம்பரிலும் இந்தக் கதை வருமாம். அம்மா உயிரோடு இருந்தவரை அவரும் இதைச் சொல்லிச் சிரிப்பாராம்.

அப்புறம் நோட்டீஸை எடுத்து ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். கோபமே இல்லை அவர் முகத்தில். கணக்குத் தப்பாக வந்தால் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். "ஓடுறவங்களுக்கு ஏன் சிரிச்ச மூஞ்சி போட்டிருக்கான்?" என்று கேட்டார். கொஞ்சம் கழித்து, "அன்னிக்கு ஓடவே நேரமில்ல பாப்பா" என்றார். மறுபடி கத்தரியை எடுத்துப் பானைக் கழுத்தை வெட்டினார். என் அளவு ரவிக்கையைக் கேட்டு வாங்கி, கையில் இந்த முறை எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் எனக்குள் ஒரே கேள்விதான். அக்கா சொன்னதும் ஜோக். நோட்டீஸில் இருப்பதும் ஜோக். இரண்டும் அதே ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியவை. அக்காவின் ஜோக் நோட்டீஸில் இருப்பதைவிடப் பல மடங்கு கறுப்பானது, நேரடியாக ஒரு சாவைப் பற்றியது. அதற்கு நான் மனம் விட்டுச் சிரித்தேன். நோட்டீஸைப் பார்த்தால் மட்டும் ஏன் வயிற்றைப் பிசைகிறது?

நம் சாவு வீடுகளில் சிரிப்பு உண்டு. மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து உட்காரும்போது யாராவது ஒருவர் போனவரின் கஞ்சத்தனத்தையோ குறட்டையையோ எடுப்பார், திண்ணையே குலுங்கும். அழுத கண்ணோடு சிரிக்கிற சிரிப்பு அது. துயரத்தைப் பற்றிச் சிரிக்கவே கூடாது என்று சொல்கிறவர்கள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். அக்காவின் ஜோக்கில் ஒரு சோம்பேறித் தம்பி இருக்கிறான், தண்ணீர் ஊற்றும் அம்மா இருக்கிறார். அதைக் கேட்டு முடித்தபோது அந்தப் பையனை எனக்கு முன்பைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. நோட்டீஸில் ஓடுகிறவர்கள் யாரும் இல்லை. ஃப்ரிட்ஜ் எவ்வளவு மலிவு என்று காட்டுவதற்காக நிறுத்திவைத்த ஆட்கள்.

சத்தம் போட்டவரும் போடாதவரும்

அக்கா புண்படவில்லை. அவரிடம் யாராவது கேட்டிருந்தால், பரவாயில்லை விடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். அதனால் அந்த விளம்பரம் சரி என்று ஆகிவிடுமா?

2020 அக்டோபரில் தனிஷ்க் நகைக்கடை ஒரு விளம்பரம் வெளியிட்டது. முஸ்லிம் வீட்டுக்கு மருமகளாகப் போன இந்துப் பெண்ணுக்கு அந்த வீட்டார் அவள் வழக்கப்படியே வளைகாப்பு நடத்துகிறார்கள். இணையத்தில் பெரும் கூச்சல் எழுந்தது, புண்பட்டுவிட்டோம் என்றார்கள், விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. அதில் யாரும் செத்திருக்கவில்லை, யாரும் எதையும் இழந்திருக்கவில்லை. ஒரு மாமியார் மருமகளை அன்பாக நடத்தினார், அவ்வளவுதான். புண்படுதலை அளவுகோலாக வைத்தால், அதிகம் சத்தம் போடுகிறவர் கையில் தீர்ப்பு போய்விடுகிறது. அந்தக் கணக்கில் தனிஷ்க் விளம்பரம் தப்பு, ஆடி நோட்டீஸ் சரி. தம்பியைக் கடலில் விட்ட அக்கா மாடிப்படிக்குக் கீழே சத்தமில்லாமல் ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறார். அவரை யாரும் டேக் செய்யவில்லை, அவர் ஆஸ்கிக்குப் புகார் எழுதப்போவதும் இல்லை. அதனால்தான் புண்படுத்துமா என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். அடுத்தவர் வீட்டு இழவை எடுத்து நம் கடைக்கு முதலாகப் போட்டுக்கொள்கிறோமா என்று கேட்கிறேன். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழியை யாரும் பாராட்டாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்படிக் கேட்டால் பல விஷயங்கள் எனக்குத் தெளிவாகின்றன. லடாக் பக்கம் மலைப்பாதைகளில் எல்லைச் சாலைகள் அமைப்பு வைத்திருக்கும் பலகைகள் சாவை வைத்துத்தான் சிரிக்க வைக்கின்றன. 'ஆஃப்டர் விஸ்கி, டிரைவிங் ரிஸ்கி' என்பது அதில் எல்லோருக்கும் தெரிந்தது. அங்கே ஜோக்கின் லாபம் படிக்கிற டிரைவருக்குப் போகிறது. அவர் உயிரோடு அடுத்த வளைவைத் தாண்டுகிறார். யாருடைய பிணமும் அந்தப் பலகையில் இல்லை.

அமுல் பெண் என் கணக்கைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறாள், அதையும் சொல்லிவிட வேண்டும். 1966-லிருந்து அவள் ஊரில் நடப்பதையெல்லாம் கிண்டல் செய்து வெண்ணெய் விற்கிறாள். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மோசடி வெளியே வந்தபோது 'சத்யம் ஷரம் ஸ்கேண்டலம்' என்று பலகை வைத்தார்கள். அதுவும் பலருடைய சேமிப்பு போன துயரம்தான், அதை வைத்தும் வெண்ணெய் விற்கத்தான் செய்தார்கள். ஆனால் பலகையில் நிறுத்தப்பட்டது கணக்கைப் புரட்டியவர்கள். பணத்தை இழந்தவர்களின் முகத்தில் யாரும் பல் வரையவில்லை. விற்பனைக்காகச் சிரிக்க வைப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அடிபட்டவரையே பொம்மையாக்கி நிறுத்தும்போதுதான் அது என்னால் ஏற்க முடியாததாகிறது.

காலம் போனால் சரியாகிவிடுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஓரளவுக்கு ஆம். ஆனால் எவ்வளவு காலம் என்று நாள்காட்டி சொல்லாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஒரு பயணிகள் ரயில் அப்படியே கடலுக்குள் போனது. இன்றைக்கு ராமேஸ்வரம் டூர் விளம்பரங்களில் அது 'பேய் நகரம்', திகில் தரும் ஒரு இடம். அறுபது வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அந்த இரவில் அப்பாவை இழந்த பிள்ளைகள் இன்னும் தாத்தா பாட்டிகளாக ராமேஸ்வரத்தில் நடமாடுகிற வயதுதான். அவர்கள் சாகும்வரை காத்திருங்கள் என்று நான் சட்டம் போட முடியாது. 'பேய்' என்று விற்கும்போது அவர்கள் அப்பாவைத்தான் பேய் என்கிறோம் என்பதையாவது எழுதுகிறவர் தெரிந்துகொண்டு எழுதட்டும்.

சுரங்கப்பாதை

இந்த வருஷம் மழைக்கு முன்னால் எங்கள் ஆபீசுக்கு ஒரு கார் சர்வீஸ் கம்பெனியின் வேலை வந்தது. மழைக்காலச் சலுகை, தமிழிலும் கன்னடத்திலும் பதிவுகள் வேண்டும். திருப்பத்தூரிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்யும் பையன் ஒரு படம் போட்டான். அந்தப் பிரியாணிப் பதிவை ஓடிப்போய் நிறுத்தியவனும் அவன்தான். சுரங்கப்பாதைக்குள் தண்ணீர். ஒரு காரின் கூரை மட்டும் வெளியே தெரிகிறது. அந்தக் கூரை மேல் குடை பிடித்துக்கொண்டு, கையில் ஃபைலோடு, மாநகராட்சி அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் 'பணி நடைபெறுகிறது' என்று பலகை. கீழே, 'உங்கள் காருக்கு நீந்தத் தெரியுமா?' என்ற வரி, கம்பெனியின் பெயர், போன் நம்பர், இருபது சதவீதத் தள்ளுபடி.

நல்ல படம். அதிகாரியின் முகத்தில் அந்த அலட்சியத்தை அவ்வளவு சரியாகப் பிடித்திருந்தான். ஆனால் பெங்களூரில் யார் பார்த்தாலும் அது கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதைதான். 2023 மே 21-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில், அங்கே தண்ணீரில் சிக்கிய காரில் 22 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். கர்நாடகச் சட்டமன்றம் இருக்கும் விதான சௌதாவுக்குப் பக்கத்திலேயே. ஆந்திராவிலிருந்து வந்திருந்த குடும்பத்தோடு ஊர் சுற்றிப் பார்க்கப் போனவள்.

இதை விளம்பரமாகப் போடக்கூடாது என்று நான் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. "அக்கா, நான் அந்தப் பொண்ணக் கிண்டல் பண்ணலயே. அந்த ஆபீசரத்தான் பண்றேன். அமுல் பத்தி நீங்களே சொல்லுவீங்க. எல்லாரும் மறந்துட்டாங்க. ஒவ்வொரு மழைக்கும் அதே பள்ளம், அதே தண்ணி. இப்படிப் படம் போட்டாத்தான் ஞாபகம் வரும். யாரும் பேசாம இருந்தா யாருக்கு லாபம்? அந்த ஆபீசருக்குத்தான்."

இந்த விவாதத்தில் என் எதிர்ப்பக்கம் நின்று ஒருவர் சொல்லக்கூடிய ஆகப் பெரிய வாதம் இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். துயரத்தைத் தொடாமல் விடுவது பல நேரம் மரியாதை ஆகாது, தப்புச் செய்தவருக்குக் கொடுக்கும் பாதுகாப்பாகிவிடும். கேலிக்குப் பயப்படுகிற அளவுக்கு அதிகாரம் வேறு எதற்கும் பயப்படுவதில்லை.

"உன் கோபம் சரி. அப்ப கீழ இருக்கிற பேரையும் நம்பரையும் தள்ளுபடியையும் எடுத்துட்டுப் போடு" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எடுத்துட்டா இது கிளையன்ட் வேலை இல்லையே" என்றான்.

"இல்லைதான்."

நம்பர் இருக்கும்வரை அந்த மூழ்கிய கார் அவர்களுக்கு வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுக்கிறது. நம்பர் போய்விட்டால் அது இந்த ஊரில் வரி கட்டி மழையில் நனைகிற ஒருவனின் கேள்வி. கோடு மாறவில்லை, வண்ணம் மாறவில்லை. அதை யார், எதற்காக நீட்டுகிறார்கள் என்பது மட்டும் மாறுகிறது. என் மேலதிகாரியிடமும் இதையேதான் சொன்னேன். அவருக்கு முதலில் பிடிக்கவில்லை, கிளையன்ட் கேட்டால் என்ன சொல்வது என்றார். கடைசியில் கார் சர்வீஸ் கம்பெனிக்கு வேறு ஒரு பதிவு போனது. தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதைக்குள் வண்டியை இறக்காதீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். கூடவே பிரேக்கும் வைப்பரும் எப்போது பார்க்க வேண்டும் என்று நான்கு வரி. சாதாரணப் பதிவு, அவர்களும் மறுப்புச் சொல்லவில்லை.

அந்தப் பையன் தன் படத்தை அன்று இரவே கம்பெனி பெயரையும் நம்பரையும் எடுத்துவிட்டுத் தன் சொந்தக் கணக்கில் போட்டான். மாநகராட்சியின் கணக்கை டேக் செய்து, இந்த வருஷமாவது பம்ப் வேலை செய்யுமா என்று கன்னடத்தில் ஒரு வரி எழுதியிருந்தான். நானும் அதைப் பகிர்ந்தேன்.